சிறு விமானம் காரைவிடப் பாதுகாப்பானதா?

2025 நவம்பரில், சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையில் கீரனூர் அருகே அவசரமாகத் தரையிறங்கியது. உயிரிழப்பு இல்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஜூன் 12 அன்று ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து, அதில் இருந்த 242 பேரில் 241 பேர் இறந்தார்கள். மூன்றே நாளில் கேதார்நாத் அருகே ஹெலிகாப்டர் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். விமானத்தில் ஏறலாமா என்ற கேள்வி அப்போதிலிருந்து வீடுகளில் அடிக்கடி எழுகிறது. வழக்கமாகக் கிடைக்கும் பதில், “சாலையைவிட வானம் பாதுகாப்பானது” என்பது.

அந்தப் பதில் பெரிய பயணிகள் விமானத்துக்குச் சரி. நான்கு பேர் அமரும் ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு அது பொருந்தாது. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும், வாடகைச் சிறு விமானத்தில் ஏறுகிற பயணிகளும் தவறான தைரியத்தோடு இருக்கிறார்கள். பெரிய விமானம் உயரத்தில் பறப்பதால் பாதுகாப்பானதாக ஆகிவிடவில்லை. அதைச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கும் கட்டுப்பாடுகளே அதைக் காக்கின்றன. சிறு விமானத்திலும் நம் சாலைகளிலும் அந்தக் கட்டுப்பாடுகள் பெருமளவு இல்லை. கொண்டுவர முடியும் என்பதே இந்தக் கட்டுரை வலியுறுத்துவது.

எதை வைத்து அளப்பது?

ஆபத்தைக் கிலோமீட்டர் கணக்கில் அளக்கலாம், மணிக் கணக்கிலும் அளக்கலாம். இரண்டும் வெவ்வேறு விடை தரும். நம் நாட்டில் வாகனங்கள் மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடின என்று கணக்கெடுத்து வெளியிடும் வழக்கம் இல்லை. ஆகவே, உலகிலேயே அதிகமான சிறு விமானங்கள் பறக்கும் அமெரிக்காவின் எண்களைப் பார்ப்போம்.

அங்கே 2023-இல் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 40,900 பேர் இறந்தார்கள். வாகனங்கள் ஓடிய தூரத்தால் வகுத்தால், 16 கோடி கிலோமீட்டருக்கு 1.26 உயிர். அதே நாட்டில், விமான நிறுவனங்களைச் சேராத சிறு விமானங்கள் ஒரு லட்சம் மணி நேரம் பறந்தால் உயிர்ப்பலி வாங்கும் விபத்து ஏறத்தாழ ஒன்று நடக்கிறது. பல ஆண்டுகளாகவே அந்த எண் இந்த அளவை ஒட்டித்தான் இருக்கிறது.

சிறு விமானம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் போவதாக வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் மணி நேரத்தில் அது கடப்பது 2 கோடி கிலோமீட்டர். அப்படியானால் 16 கோடி கிலோமீட்டருக்கு எட்டு விபத்துகள். சாலையில் அதே தூரத்துக்கு ஒன்றேகால் உயிர். தூரத்தை வைத்துப் பார்த்தால் சிறு விமானத்தின் ஆபத்து ஆறு மடங்குக்கும் அதிகம்.

மணிக் கணக்கில் இடைவெளி இன்னும் விரிகிறது. கார் சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் ஓடுகிறது என்றால், 16 கோடி கிலோமீட்டர் ஓட 32 லட்சம் மணி நேரம் ஆகும். அந்த 32 லட்சம் மணி நேரத்தில் சிறு விமானங்களுக்கு நேரும் உயிர்ப்பலி விபத்துகள் 32. கிட்டத்தட்ட 25 மடங்கு. பல விபத்துகளில் ஒருவருக்கு மேற்பட்டோர் இறப்பதையும் சேர்த்தால் எண் இன்னும் கூடும்.

நம் வாசகருக்கு எளிதில் பிடிபடும் ஒப்பீடு பைக். அமெரிக்காவில் ஒரே தூரத்துக்குக் காரில் போகிறவரைவிட மோட்டார் சைக்கிளில் போகிறவர் இறக்கும் வாய்ப்பு இருபது மடங்குக்கு மேல். மணிக் கணக்கில் பார்த்தால் சிறு விமானம் ஏறத்தாழ அந்த மோட்டார் சைக்கிளின் வரிசையில்தான் வந்து நிற்கிறது. பைக்கில் ஏறும்போது எவ்வளவு ஜாக்கிரதை வேண்டுமோ, அவ்வளவு ஜாக்கிரதை சிறு விமானத்துக்கும் வேண்டும்.

அமெரிக்கச் சாலைக்குப் போட்ட இந்தக் கணக்கை நம் சாலைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. இந்தியாவில் 2022-இல் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 462 பேர். இவர்களில் ஏறத்தாழ 75 ஆயிரம் பேர் இரு சக்கர வாகனத்தில் சென்றவர்கள். 32 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நடந்து சென்றவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிகமான சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். நள்ளிரவில் ஹெல்மெட் இல்லாமல் நெடுஞ்சாலையில் பைக் ஓட்டுகிற ஒருவர், சிறு விமானத்தை அண்ணாந்து பார்த்து அஞ்சுவதற்குக் காரணமே இல்லை.

பெரிய விமானம் எப்படிப் பாதுகாப்பானதாயிற்று?

1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்ட் தளத்தில் போயிங் நிறுவனத்தின் புதிய குண்டுவீச்சு விமானம் கிளம்பிய சில நொடிகளில் விழுந்து எரிந்தது. ஓட்டியவர் அனுபவம் மிக்க ராணுவ விமானி. விமானம் நிற்கும்போது காற்றில் வால் பகுதி அசையாமல் இருக்கப் போடும் பூட்டைக் கிளம்பும் முன் எடுக்க மறந்திருந்தார்கள். இவ்வளவு சிக்கலான விமானத்தை மனிதரால் ஓட்ட முடியாது என்று சிலர் முடிவுகட்டினார்கள். மற்றவர்கள் ஒரு தாளை எடுத்து, கிளம்பும் முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதினார்கள். விமானிகள் இன்றும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கும் செக்லிஸ்ட் அங்கே பிறந்தது.

அதன் பிறகு ஒவ்வொரு விபத்தும் ஒரு விதியைச் சேர்த்தது. பயணிகள் விமானத்தில் இரண்டு விமானிகள் இருக்கிறார்கள். ஒருவர் செய்வதை மற்றவர் கவனிக்கிறார். தவறு கண்டால் கேப்டனையே தடுக்கலாம். குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒருமுறை சிமுலேட்டரில் உட்காரவைத்து, எஞ்சின் அணைந்தால், தீப்பிடித்தால் என்ன செய்வாய் என்று சோதிக்கிறார்கள். வானிலை இந்த அளவுக்குக் கீழே போனால் இறங்கக் கூடாது என்ற வரம்பு எழுத்தில் இருக்கிறது. தரையில் இருந்து பயணத்தைத் திட்டமிடவும் கண்காணிக்கவும் தனி ஆட்கள் இருக்கிறார்கள். 2009 பிப்ரவரிக்குப் பிறகு 2025 ஜனவரி வரை, ஏறத்தாழ 16 ஆண்டுகள், அமெரிக்க விமான நிறுவனங்கள் பெரும் விபத்தே இல்லாமல் பறந்தன.

சிறு விமானத்தில் இவை எல்லாம் ஒரே ஆளின் தலையில் விழுகின்றன. வானிலையைப் பார்ப்பது, எரிபொருளைக் கணக்கிடுவது, பழுதைக் கண்டறிவது, போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது எல்லாம் அவரே. அவர் தவறினால் பக்கத்தில் இருந்து தட்டிக் கேட்க ஆள் இல்லை. இந்த விதத்தில் சிறு விமானத்தை ஓட்டுகிறவர், பெரிய விமானத்தின் கேப்டனைக் காட்டிலும் நம் ஊர் கார் டிரைவருக்குத்தான் நெருக்கமானவர்.

இயந்திரக் கோளாறுதான் சிறு விமானங்களை வீழ்த்துகிறது என்பது பொதுவான எண்ணம். உண்மையில், சிறு விமான விபத்துகளில் நான்கில் மூன்று பங்கு அளவுக்கு விமானியின் முடிவோ செயலோதான் காரணம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. எஞ்சின் நின்ற விமானம் கல்லைப் போல விழுந்துவிடுவதில்லை. உலகில் மிக அதிக எண்ணிக்கையில் தயாரான செஸ்னா 172, எஞ்சின் இல்லாமலே தான் இருக்கும் உயரத்தைப் போல எட்டு, ஒன்பது மடங்கு தூரம் மிதந்து போகும். சுமார் 3,000 அடி உயரத்தில் இருந்தால் எட்டு கிலோமீட்டருக்குள் ஒரு வயலையோ சாலையையோ தேடிக்கொள்ளலாம். தரையைத் தொடும் வேகமும் நெடுஞ்சாலையில் ஓடும் காரின் வேகம்தான். கிளம்பிய உடனே எஞ்சின் நின்றால் ஓடுபாதைக்கே திரும்பிவிட வேண்டும் என்று தாழ்வான உயரத்தில் அவசரமாகத் திருப்புகிறவர்கள்தான் அதிகம் மடிகிறார்கள். நேராகப் போய் கிடைத்த இடத்தில் இறக்குகிறவர்கள் பெரும்பாலும் பிழைக்கிறார்கள்.

எரிபொருள் விஷயம் இன்னும் வேதனை. அமெரிக்காவில் எரிபொருள் தீர்ந்தோ, இருக்கும் டாங்க்குக்கு மாற்ற மறந்தோ ஆண்டுக்குச் சராசரியாக 50-க்கும் மேற்பட்ட விபத்துகள் நடந்துவந்ததை அந்நாட்டின் விபத்து விசாரணை அமைப்பே எச்சரிக்கையாக வெளியிட்டது. கிளம்பும் முன் டாங்க்கில் அளவுகோலை விட்டுப் பார்த்திருந்தால் அவற்றில் பல நடந்திருக்காது.

மேகத்துக்குள் மூன்று நிமிடம்

எல்லாவற்றிலும் கொடியது மேகம். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை, மேகத்துக்குள் இருப்பது போன்ற நிலையில் விமானத்தை ஓட்டச் சொன்னார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 வினாடிகள். மூன்று நிமிடம் கூட இல்லை. பக்கத்தில் பயிற்சியாளர் இருந்ததால் எவருக்கும் ஆபத்து நேரவில்லை.

காரணம் நம் உடல். உட்காதில் உள்ள திரவம்தான் நாம் சாய்கிறோமா, நிமிர்ந்திருக்கிறோமா என்று மூளைக்குச் சொல்கிறது. விமானம் மெதுவாக ஒரு பக்கம் சாய்ந்து வட்டமடிக்கத் தொடங்கினால், சிறிது நேரத்தில் காது அதற்குப் பழகி, “நேராகத்தான் போகிறாய்” என்று சொல்லிவிடும். கண்ணுக்கு அடிவானம் தெரிந்தால் உண்மை புரியும். மேகத்தில் அடிவானம் இல்லை. விமானி தன் உடலை நம்புகிறார். விமானம் சுழன்று இறங்குகிறது.

1999 ஜூலையில் அமெரிக்க முன்னாள் அதிபர் கென்னடியின் மகன், மனைவியோடும் மனைவியின் சகோதரியோடும் கடலில் விழுந்து இறந்தது இப்படித்தான். இரவு, மூட்டம், அடிவானம் தெரியாத கடல். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் விழுந்ததற்கும், பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறியதால் மேகத்துக்குள் நுழைந்து விமானி திசை உணர்வை இழந்ததே காரணம் என்று முப்படை விசாரணைக் குழு கண்டறிந்தது. சிறந்த பயிற்சி பெற்ற விமானப்படை விமானிகளுக்கே இந்த நிலை என்றால், 200 மணி நேரம் பறந்தவரின் நிலை என்ன?

நம் நாட்டில் இதோடு இன்னொன்றும் சேர்கிறது. தலைவர்களின் நேர நெருக்கடி. 2001 செப்டம்பரில் மாதவராவ் சிந்தியா கான்பூர் கூட்டத்துக்குச் சிறு விமானத்தில் சென்றபோது மோசமான வானிலையில் விழுந்து இறந்தார். 2004 ஏப்ரலில் நடிகை சௌந்தர்யா தேர்தல் பிரசாரத்துக்குக் கிளம்பிய செஸ்னா விமானம், பெங்களூருவில் கிளம்பிய சிறிது நேரத்திலேயே விழுந்தது. 2009 செப்டம்பரில் ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி சென்ற ஹெலிகாப்டர் மழையில் நல்லமலைக் காட்டில் விழுந்தது. ஒவ்வொரு விபத்துக்கும் தனித்தனிக் காரணங்கள் உண்டு. ஆனால், கூட்டம் காத்திருக்கிறது, தலைவர் போயே ஆக வேண்டும் என்ற சூழலில் “இன்று பறக்க முடியாது” என்று சொல்லும் தைரியம் எத்தனை விமானிகளுக்கு இருக்கும்? அப்படிச் சொன்னவரின் வேலை அடுத்த மாதமும் இருக்குமா? இந்தக் கேள்வியை நம் அரசியல் கட்சிகள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கருவி மட்டும் போதாது

1999 முதல் சிரஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன் சிறு விமானங்களில் ஒரு பாராசூட்டைப் பொருத்தி விற்கிறது. நெருக்கடியில் கைப்பிடியை இழுத்தால் விமானமே மொத்தமாகப் பாராசூட்டில் இறங்கும். இத்தனை இருந்தும் தொடக்க ஆண்டுகளில் அந்த விமானங்களின் விபத்து விகிதம் மற்றவற்றைவிடச் சிறப்பாக இல்லை. இழுக்க வேண்டிய நேரத்தில் விமானிகள் இழுக்கவில்லை. ‘முதலில் பாராசூட், பிறகு யோசனை’ என்று பயிற்சியை மாற்றியமைத்த பின்புதான் மரணங்கள் கணிசமாகக் குறைந்தன. காருக்கு ஏர்பேக் வாங்கிவிட்டு சீட் பெல்ட் போடாதவர்கள் நம்மிடையே நிறைய. 2022-இல் சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர்.

இங்கேதான் வானத்திடம் சாலை கற்க வேண்டியது இருக்கிறது. விமானி பறப்பதற்கு 12 மணி நேரத்துக்குள் மது அருந்தியிருக்கக் கூடாது. ஊதிக் காட்டும் சோதனையில் துளி மது தெரிந்தாலும் பறக்க முடியாது. கார் ஓட்டுகிறவருக்கோ 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் வரை சட்டமே இடம் தருகிறது. விமான விபத்துகளை விசாரிக்க நம் நாட்டில் 2012-இல் தனி அமைப்பு உருவாக்கப்பட்டது. இரண்டு பேர் அமரும் பயிற்சி விமானம் விழுந்தாலும், ஏன் விழுந்தது, இனி விழாமல் என்ன செய்யலாம் என்று எழுதி அந்த அறிக்கையைப் பொதுவெளியில் வைக்கிறார்கள். சாலையில் நான்கு பேர் இறந்தால் முதல் தகவல் அறிக்கை, ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி’ என்ற வரி, இழப்பீட்டு வழக்கு. அந்த வளைவில் ஏன் ஆண்டுதோறும் ஆள் சாகிறது என்று எவரும் கேட்பதில்லை.

அச்சம் தவறான திசையில் போனால் அதுவும் கொல்லும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கர்கள் பலர் விமானத்தைத் தவிர்த்துக் காரில் போனார்கள். அதனால் அடுத்த ஓராண்டில் சாலையில் கூடுதலாகச் சுமார் 1,500 பேர் இறந்திருப்பார்கள் என்று ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகரென்சர் கணக்கிட்டார். ஆமதாபாத்துக்குப் பிறகு விமான டிக்கெட்டை ரத்துசெய்துவிட்டு இரவோடு இரவாகக் காரில் கிளம்பியவர்கள் இதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

என்ன செய்யலாம்?

பயிற்சிப் பள்ளிகளிலிருந்து தொடங்குவோம். 2025 அக்டோபரில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) முதன்முறையாக விமானப் பயிற்சிப் பள்ளிகளைத் தரவரிசைப்படுத்தியது. ஒரு பள்ளி கூட ‘ஏ’ தரத்தை எட்டவில்லை. 2024 ஆகஸ்டில் ஜாம்ஷெட்பூரில் கிளம்பிய பயிற்சி விமானம் சாண்டில் அணையில் விழுந்து மாணவரும் பயிற்றுநரும் இறந்தார்கள். 2025 ஏப்ரலில் குஜராத்தின் அம்ரேலியில் தனியாகப் பறந்த மாணவர் இறந்தார். பல லட்ச ரூபாயைக் கடன் வாங்கிக் கட்டும் பெற்றோருக்கு, ஒவ்வொரு பள்ளியும் எத்தனை மணி நேரம் பறந்தது, எத்தனை விபத்து, எத்தனை அவசரத் தரையிறக்கம் என்று ஆண்டுதோறும் தெரிய வேண்டும். டிஜிசிஏ தன் தரவரிசையோடு இந்த எண்களையும் வெளியிட வேண்டும். பெற்றோர் பள்ளியில் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை: ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? வானிலை சரியில்லை என்று மாணவர் பறக்க மறுத்தால் அவருக்குக் கட்டண இழப்போ, கண்டிப்போ உண்டா? பழுது எழுதும் பதிவேட்டைக் காட்டுவார்களா?

நெய்வேலி, வேலூர் போன்ற சிறிய விமான நிலையங்கள், சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. திறப்பு விழாவுக்கு முன்பே தானியங்கி வானிலைக் கருவியும் கேமராவும் அங்கே வர வேண்டும். மலையும் பனியும் நிறைந்த அலாஸ்காவில் அமெரிக்க அரசு, மலைக் கணவாய்களிலும் சிறு ஓடுபாதைகளிலும் கேமராக்களை வைத்து, விமானி கிளம்பும் முன்பே போகுமிடத்தின் வானத்தைப் படமாகப் பார்க்க வழி செய்திருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை மலைப்பகுதிகளுக்கு அதே ஏற்பாடு வேண்டும். செலவு பெரிதல்ல.

தலைவர்களை ஏற்றிச் செல்லும் எந்த விமானத்திலும், அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும், கருவிகளைக் கொண்டு பறக்கப் பயிற்சி பெற்ற இரண்டு விமானிகள் இருக்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை எழுதப்பட வேண்டும்: வானிலை காரணமாக விமானி மறுத்தால் வாடகையில் பிடித்தம் இல்லை, அவர்மீது நடவடிக்கை இல்லை. தேர்தல் ஆணையம் பிரசாரச் செலவைக் கணக்கெடுக்கும்போதே இந்த நிபந்தனை இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

சாலைக்கு ஒரே ஒரு யோசனை. விபத்து விவரங்களைப் பதிவுசெய்ய சென்னை ஐஐடி உருவாக்கிய ஐராட் செயலி போலீஸாரின் கைகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே இடத்தில் இரண்டாவது மரணம் நிகழ்ந்த உடனே காவல், நெடுஞ்சாலை, போக்குவரத்துத் துறைகள் சேர்ந்து விமான விபத்தை விசாரிப்பது போல விசாரித்து, 90 நாட்களுக்குள் அறிக்கையை மாவட்ட இணையதளத்தில் வெளியிட வேண்டும். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஏன் நடந்தது என்பதை ஊர் மக்கள் அறிய வேண்டும்.

பயணிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சுற்றுலாத் தலத்தில் சிறு விமானத்திலோ ஹெலிகாப்டரிலோ ஏறும் முன், நிறுவனத்துக்குக் கட்டணப் பயணிகளை ஏற்றும் அனுமதி உண்டா என்று கேளுங்கள். மேகம் இறங்கியிருந்தால் ஏறாதீர்கள். விமானி “இன்று வேண்டாம்” என்றால் அவரிடம் வாதாடாதீர்கள். பணம் போனாலும் நன்றி சொல்லிவிட்டுத் திரும்புங்கள். பிறகு வீட்டுக்குப் போகக் காரில் ஏறும்போது, பின்சீட்டில் இருந்தாலும் பெல்ட்டைப் போடுங்கள்.